அத்தியாயம் 6: சந்தனம் கலையாத சுவிட்ச்

கம்ப்யூட்டர் திரையில் மறுபடியும் அந்தப் பெண் வந்தாள். உடம்பில் உடுப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே "உங்கள் ஊர்ப் பெண்கள் காத்திருக்கிறார்கள்" என்று சிவப்பு எழுத்து.

"பதினேழாவது தடவை வாரா அக்கா. எனக்குப் பொண்ணு பாத்த எடத்துல எல்லாம் ஒரு புள்ளைகூட ரெண்டாந்தடவை எட்டிப் பாக்கலை" என்றான் இசக்கிமுத்து, அந்த விளம்பரச் சன்னலை மூடிக்கொண்டே.

பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் போலீசில் இருந்து, எஸ்.ஐ. ஆகி, மேலதிகாரி ஒருவரிடம் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தவள். இப்போது ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். இசக்கிமுத்து அவளுக்கு உதவியாளன். தளவாய்புரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்து, அதை மூடிவிட்டு வந்தவன். கடையை மூடியவன் வாயை மட்டும் மூடவில்லை.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ராஜபாளையத்தில், காசிராஜனின் போட்டோ ஸ்டூடியோவில். மணி பதினொன்று. ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைக்கும் ஜெபின் ஸ்டேஷனில் இருந்தான். நாலு மணிக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் ரிமாண்ட் செய்யப் போகிறார்கள். கையில் இருந்தது ஐந்து மணி நேரம்.

நடந்தது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சாமி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய ஒரே மகள் முனீஸ்வரிக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. நாலு நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க இந்த ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். பாதித் திரையில் பட்டுச்சேலையில் முனீஸ்வரி. திடீரென்று மீதிப் பாதியில் இந்தப் பெண், இந்தச் சிவப்பு எழுத்தோடு. மாப்பிள்ளையின் சித்தப்பா பதறிப் போனவர்தான், ஆனால் பதற்றத்திலும் போனை எடுத்து வீடியோ பிடிக்க மறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அது ரெண்டு ஊர் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. கல்யாணம் நின்றது. மறுநாள் காலை முனீஸ்வரி பூச்சி மருந்தைக் குடித்துவிட்டாள்.

உயிர் தங்கிவிட்டது. மூன்று நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். யார் கேட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஜெபின்தான் வேண்டுமென்றே இப்படிச் செய்தான் என்று மலைச்சாமி புகார் எழுதிக் கொடுத்திருந்தார்.

பாண்டீஸ்வரியை அழைத்து வந்தவள் ஜெபினின் அக்கா பியூலா. அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளைச் சீருடையோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தாள்.

"பூஜை லீவு முடிஞ்சதுல இருந்து இந்தச் சனியன் வருது மேடம். மூணு தடவை அழிச்சேன், மூணு தடவையும் தானா வந்துருச்சுன்னு அழுதான். அவனை நம்புங்க."

"நம்புறது என் வேலை இல்லம்மா" என்றாள் பாண்டீஸ்வரி. "ஆஸ்பத்திரியில அந்தப் புள்ளையைப் பாத்தியா?"

"பாத்தேன். இடது கையில யாரோ இறுக்கிப் புடிச்ச அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. கன்னிப் போன தடம் மஞ்சப் பூத்துருச்சு மேடம். ஒரு வாரத்துக்கு மேலயே இருக்கும்."

"வீடியோ வந்து நாலு நாள்தான ஆகுது?"

"ஆமா."

பாண்டீஸ்வரி அதை ஒரு மூலையில் போட்டு வைத்துக்கொண்டாள். இப்போதைக்கு அது எதோடும் ஒட்டவில்லை.

ஸ்டூடியோ முதலாளி காசிராஜன் விபூதிப் பட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகத் தூக்கமில்லாத கண். ஆனாலும் தீர்ப்பு மட்டும் தயாராக வைத்திருந்தார்.

"இன்ஸ்பெக்டர் வல்லரசு சாரே பாத்துட்டுப் போயிட்டாரு மேடம். இந்தச் சனியன் உள்ள வந்தது ஆயுத பூஜை அன்னைக்கு. பிரவுசர்ல நாள், நேரம் எல்லாம் இருக்கு. காலையில பதினொண்ணு நாப்பது. அன்னைக்கு நாங்க எல்லாம் மெஷினுக்குப் பொட்டு வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டோம். பூஜையில வச்ச மெஷினை மறுநாள் வரைக்கும் நம்மாளு எவன் தொடுவான்? இன்னொரு சாவி ஜெபின்கிட்ட. அவனுக்குப் பூஜையாவது பொட்டாவது."

பியூலாவின் முகம் சுருங்கியது. பதினோரு வருஷம் அந்தக் கடையில் பொரிகடலை வாங்கித் தின்றவன் அவள் தம்பி. ஒரு கஷ்டம் வந்ததும் அவன் சாமி வேறு சாமி ஆகிவிட்டது. பாண்டீஸ்வரிக்குக் கோபம் வந்தது. அதை அடக்கிக்கொண்டு இசக்கிமுத்துவைப் பார்த்தாள்.

"ஏலே, அந்த நேரத்துல என்ன பக்கம் தெறந்திருக்கு?"

இசக்கிமுத்து பிரவுசரின் தேடல் வரலாற்றைத் திறந்து வாசித்தான். "கல்யாண நாதஸ்வரம் இலவசம். அடுத்ததும் நாதஸ்வரம். அடுத்து, நாதஸ்வரம் எறக்க இங்கே அமுக்கவும். அங்க அமுக்கினப்பதான் இந்த மகராசி உள்ள வந்திருக்கா." அவன் திரும்பினான். "அண்ணாச்சி, ஒங்ககிட்ட நாதஸ்வரம் எம்புட்டு இருக்கும்?"

"என்ன தம்பி கேக்கீரு? பதினாலு வருஷக் கல்யாணம். ஹார்ட் டிஸ்க் பூரா அதான்."

"எடிட்டிங் பண்ணுறது ஜெபின். அம்புட்டும் அவன் கையில இருக்கு. பொறவு அவன் எதுக்கு ஊரான் சைட்டுல போயி இலவச நாதஸ்வரம் தேடணும்? பால்கோவா கடைக்காரன் பக்கத்துக் கடை வரிசையில நிப்பானா?"

"பூஜை அன்னைக்குப் படம் எடுத்தீங்களா?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி.

"என்ன மேடம், போட்டோக்காரன்கிட்ட படம் எடுத்தியான்னு கேக்கீங்க! காலையில ஒம்பது மணிக்குப் பூஜை போட்டு ஸ்டேட்டஸ் வச்சேன். மறுநாள் விஜயதசமிக்கு ஏழு மணிக்குக் கடையைத் தெறந்து, மறுபூஜைக்கு முன்னால இன்னொண்ணு எடுத்தேன்."

"ரெண்டையும் பெருசாக்கிக் காட்டுங்க. கேமரா வேணாம். இந்தப் பெட்டியோட சுவிட்ச் மட்டும்."

காசிராஜன் பெரிதாக்கினார். முதல் படத்தில் கம்ப்யூட்டர் பெட்டியின் நடுவில், சுவிட்சின் மேலேயே கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம். அதற்குள் குங்குமம். சந்தனம் சுவிட்சையும் சுற்றியுள்ள தகட்டையும் சேர்த்து அப்பியிருந்தது. ஈரத்தில் ஒரு சொட்டு வழிந்து, கீழே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் கோணலாகக் கோடு போட்டிருந்தது.

இரண்டாவது படத்தில் சந்தனம் காய்ந்து வெளுத்திருந்தது. அதே பொட்டு. அதே கோணல் கோடு. ஒரு வெடிப்பு இல்லை.

"இப்ப ஒங்க பெருவிரலால இந்தச் சுவிட்சை அமுக்குங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

காசிராஜன் அமுக்கினார். சுவிட்ச் ஒரு நெல்மணி ஆழம் உள்ளே போய் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த விபூதியைத் தவிர மற்ற வெளுப்பெல்லாம் அப்போது வந்தது.

"காஞ்ச சந்தனம் ஒடைஞ்சிருக்கணும்" என்றார் மெதுவாக. "ஒடையலை. அப்படின்னா அன்னைக்கு இதை யாருமே தொடலை."

"சாவி யார்கிட்ட இருந்தா என்ன அண்ணாச்சி? ஒங்க சாமியே ஜெபினுக்குச் சாட்சி சொல்லுது" என்றான் இசக்கிமுத்து.

பியூலா முந்தானை இல்லாத சீருடையில் கைக்குட்டை தேடினாள். இல்லாமல் உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தொடாத மெஷின்ல நாதஸ்வரம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி.

இசக்கிமுத்து ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தான். "பிரவுசர்ல ஸ்டூடியோ ஈமெயில் கணக்கு போட்டு வச்சிருக்காங்க அக்கா. அதே கணக்கை வேற எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும், அங்க தேடுனது, அங்க சேத்தது எல்லாம் இங்கயும் வந்துரும். ரெண்டு வீட்டுக்கு ஒரே தண்ணித் தொட்டி மாதிரி. அங்க கலந்தது இங்க குழாயில வரும். இங்க எம்புட்டு அழிச்சாலும், அங்க இருக்கிறது திரும்பக் கொண்டாந்து போட்டுரும். இந்தா, கணக்குல ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு. ஒண்ணு இது. இன்னொண்ணு..."

அவன் பேச்சு நின்றது. அவன் பேச்சு நடுவில் நின்று பாண்டீஸ்வரி பார்த்ததே இல்லை.

"என்னலே?"

"அந்தக் கம்ப்யூட்டருக்குப் பேரு முனீஸ்."

காசிராஜன் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். மலைச்சாமிக்கு விதைப்பு நேரம், ஸ்டூடியோவுக்கு வர முடியவில்லை. பெரிய திரையில் படம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஜெபின் அவர் வீட்டுக்கே போய், மகளின் கம்ப்யூட்டரில் ஸ்டூடியோ கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். எந்த வீட்டுக்கும் அப்படித்தான் செய்வது வழக்கம். படம் தேர்ந்தெடுத்து முடிந்ததும் கணக்கை எடுத்துவிடுவான். இங்கே மாப்பிள்ளை வீட்டார் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்று விட்டுவைத்திருந்தான்.

"அப்படின்னா அந்தப் பொண்ணேதான் இந்த மாதிரி எல்லாம்..." என்று ஆரம்பித்தார் காசிராஜன்.

"அண்ணாச்சி!" பாண்டீஸ்வரி போட்ட சத்தத்தில் பியூலாவே திடுக்கிட்டாள். "இந்த வாசலைத் தாண்டி அந்தப் பேச்சு போச்சுன்னா, அடுத்த புகார் ஒங்க மேல நான் குடுப்பேன். ஒரு தடவை செத்துப் பொழைச்சிருக்கு அந்தப் புள்ளை."

காரில் ஏறும்போதுதான் விஷயத்தின் கனம் இறங்கியது. ஜெபினை வெளியே எடுக்க ஒரே வழி, அந்தக் கம்ப்யூட்டரின் பெயரைச் சொல்வது. சொன்னால் ஊர் அடுத்த நிமிஷம் முனீஸ்வரியைத்தான் கைகாட்டும். காசிராஜனுக்கு அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஒருத்தனைத் தூக்கி விட இன்னொருத்தியைக் குழியில தள்ளணுமா அக்கா?" என்று கேட்டான் இசக்கிமுத்து, வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் திருப்பியபடி.

"பதினொண்ணு நாப்பதுக்கு அந்த மெஷின் முன்னால யாரு இருந்தான்னு தெரியாம நாம யார் பேரையும் சொல்லப் போறதில்லை."

மடவார்வளாகம் தாண்டி, வயலை ஒட்டிய வீடு. வாசலில் டிராக்டர். அதன் மூக்கில் காய்ந்த மாலையும் சந்தனமும் இருந்தன. மண்வெட்டி, அரிவாள், மருந்து தெளிக்கிற டப்பா, பம்ப்செட் மோட்டார், எல்லாவற்றிலும் பொட்டு. மழை பெய்யாததால் எதுவும் அழியவில்லை.

மலைச்சாமிக்கு அறுபதை நெருங்கும் வயது. முதுகு இன்னும் பட்டாளத்து முதுகு. மனைவி இறந்து ஆறு வருஷம். சவரம் செய்யாத முகத்தோடு கதவைத் திறந்தார்.

"அந்தப் பையனுக்காக வந்திருக்கியளாம்மா?"

"ஒங்க மகளுக்காகவும்தான் அய்யா" என்றாள் பாண்டீஸ்வரி.

அவர் வழிவிட்டார். கூடத்தின் மூலையில் மேசை. மேசை மேல் கம்ப்யூட்டர். அதன் மேல் ஒரு பச்சைத் துண்டு முழுதாகப் போர்த்தியிருந்தது. இசக்கிமுத்து துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டான்.

"டப்பாவுக்கு மொதக்கொண்டு பொட்டு வச்சிருக்கிய. இதுக்கு மட்டும் இல்லையே அய்யா?"

"அது ஆயுதமா தம்பி? புள்ளை படிக்க வாங்குனது."

பாண்டீஸ்வரிக்கு அந்தப் பதில் உள்ளே எங்கோ போய் இடித்தது. ராஜபாளையத்தில் சுவிட்சுக்கே சந்தனம். இங்கே அது ஆயுதமே இல்லை. பூஜை அன்றைக்கு அதைத் தொடக் கூடாது என்று இந்த வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது.

"ஆயுத பூஜை அன்னைக்கு முனீஸ்வரி எங்க இருந்தா அய்யா?"

மலைச்சாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் மகளைச் சந்தேகப்பட்டு வந்தியளா? அவ முந்துன நாளே வ. புதுப்பட்டிக்கு அத்தை வீட்டுக்குப் போயிட்டா. விஜயதசமி சாயங்காலம்தான் வந்தா. பஸ் ஏத்தி விட்டவன் நான். வந்து எறங்கினப்ப கூட்டியாந்தவனும் நான். போயிக் கேளுங்க!"

"கேக்க வேணாம். நம்புறேன். அப்ப பூஜை அன்னைக்குக் காலையில வீட்டுல யாரு இருந்தா?"

"நான் ஒருத்தன்தான். மாலை போட்டு, பொட்டு வச்சு..." என்றவர், தான் சொல்லிக்கொண்டிருப்பது என்ன என்று இன்னும் தெரியாமல் பேசிக்கொண்டே போனார்.

இசக்கிமுத்து தரையைப் பார்த்தான்.

"நாதஸ்வரம் தேடுனீங்களா?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி. அவள் குரல் இறங்கியிருந்தது.

மலைச்சாமியின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அவ அம்மாவுக்கு நான் தாலி கட்டும்போது ஒண்ணு வாசிச்சாங்க. அதையே முனீஸ் கல்யாண வீடியோவுக்குப் போடச் சொல்லணும்னு ஆசை. அவளுக்குச் சொல்லாம வச்சிருந்து காட்டலாம்னு தேடுனேன். எறக்க இங்க அமுக்குன்னு இருந்துச்சு. அமுக்குனேன். அனுமதி குடுன்னு கேட்டுச்சு. குடுத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. கேட்டதுக்கெல்லாம் குடுத்தேன். பாட்டு மட்டும் வரலை."

"பாட்டு வரலை. வேற என்ன வந்துச்சு?"

அவர் பச்சைத் துண்டைப் பார்த்தார். அந்த வெளிச்சம் போய்விட்டது.

"அய்யா, அவ இடது கையில அஞ்சு விரல் பதிஞ்சிருக்கு. ஊர்ல அந்த வீடியோ வாரதுக்கு முன்னாலயே விழுந்த அடி அது. இந்த வீட்டுல அவளும் நீங்களும்தான்."

மலைச்சாமி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். பட்டாளத்து முதுகு முதல் தடவையாக வளைந்தது.

"அவ அத்தை வீட்டுல இருந்து வந்த பொறவு ஒரு நாள், வரவு செலவு பாக்கலாம்னு தெறந்தேன். இல்லை, வானிலை பாக்கத்தான்... எதுக்கோ தெறந்தேன். அம்மணமா ஒருத்தி வந்தா. மூட மூட வாரா. வீட்டுல எந்நேரமும் இதைத் தொடுறது அவதான். கல்யாணம் ஆகப் போற புள்ளை இதையெல்லாமா பாக்குதுன்னு எனக்குக் கண்ணு தெரியலை. கையைப் புடிச்சு இழுத்து அடிச்சேன். 'நான் இல்லப்பா'ன்னா. பொய் வேறயான்னு இன்னொண்ணு குடுத்தேன்."

"அந்த வீடியோ வந்தப்ப?"

"'இப்ப ஊரே சொல்லுது பாத்தியா'ன்னு கேட்டேன். அம்புட்டுத்தான் கேட்டேன். விடிஞ்சு பாத்தா..."

"அவதான் பாத்தான்னு நெனைச்சிருக்கிய. பொறவு ஏன் ஜெபின் மேல எழுதிக் குடுத்தீங்க?"

"ஊரு அவளைச் சொல்லக் கூடாதும்மா. யாரையாவது சொல்லணும்ல? அந்தப் பையன் வந்து போனான். அவன் பேரு வாயில வந்துச்சு."

ஒரு ஆளைப் பலி கொடுத்து மகளைக் காப்பாற்றினதாக நினைத்திருந்தார் மனுஷன். குற்றம் செய்யாத ரெண்டு பேரையும் தண்டித்திருந்தார். பாண்டீஸ்வரிக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. ரெண்டையும் செய்யாமல், நடந்ததைச் சின்ன வார்த்தைகளில் சொன்னாள். அவர் கொடுத்த அனுமதி. அதனால் உள்ளே வந்த சனியன். ஒரே கணக்கு வழியாக அது ராஜபாளையம் போனது. சந்தனம் கலையாத சுவிட்ச்.

கடைசியில் அவர், "அப்ப அவ சொன்னது நெசம்" என்றார்.

இசக்கிமுத்து துண்டை எடுத்துவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தான். வந்து ஒட்டிக்கொண்டதை நீக்கினான். கொடுத்த அனுமதியை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினான். ஸ்டூடியோ கணக்கை விலக்கினான். காசிராஜனுக்குப் போன் போட்டு, அங்கேயும் நீக்கிவிட்டு கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னான். கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பெண் வரவில்லை. எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை. ஆனால் யாருக்கும் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை, அப்பாவுக்கு மகளிடம்கூட.

மூன்றேகால் மணிக்கு மலைச்சாமி ஸ்டேஷனில் தன் கையாலேயே எழுதினார். அமுக்கியது நான், பொய்ப் புகார் கொடுத்ததும் நான் என்று எழுதி, பெயருக்குக் கீழே பட்டாள நம்பரையும் போட்டார். இன்ஸ்பெக்டர் வல்லரசு அதை இரண்டு முறை படித்தார். சந்தனப் பொட்டுப் படங்களை மூன்று முறை பார்த்தார். ஜெபினைக் கூட்டி வரச் சொன்னார்.

மூன்று நாள் தாடியோடு வந்த ஜெபினிடம் மலைச்சாமி கையைக் கூப்பினார். அவன் அந்தக் கையைப் பார்க்காமல் பாண்டீஸ்வரியிடம், "அந்தப் புள்ளை பேசிருச்சா மேடம்?" என்று கேட்டான்.

இல்லை என்று அவள் தலையசைத்தாள்.

வார்டில் முனீஸ்வரி சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த இடது கையில் அந்த ஐந்து மஞ்சள் தடங்கள். மலைச்சாமி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பியூலா பக்கத்துக் கட்டிலுக்குத் திரையை இழுத்து விட்டாள். பாண்டீஸ்வரியும் இசக்கிமுத்தும் வாசலைத் தாண்டவில்லை.

"தாயி" என்றார் மலைச்சாமி. "அமுக்குனது நாந்தான். பூஜை அன்னைக்கு. நீ இல்ல. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லுதேன். எனக்குத் தெரியாமப் போச்சு தாயி. தெரியாம அமுக்கிட்டேன்."

அவள் அசையவில்லை. பதில் வராது என்று நினைத்துப் பாண்டீஸ்வரி கிளம்பத் திரும்பினாள்.

அப்போது சுவரிடமிருந்து வருவது போல அந்தக் குரல் வந்தது. மருந்தில் வெந்துபோன தொண்டை.

"அமுக்குனது தெரியாமத்தான்ப்பா. அடிச்சது?"

மலைச்சாமி கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இசக்கிமுத்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான். ராஜபாளையம் போய்ச் சேரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.